மஞ்சள் பூசிய புத்தகமும் நாலு அரியரும்

போன வாரம் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. மறுநாள் காலை கல்லூரி மணி அடிப்பதற்கு முன்பே என் அறை வாசலில் ஓர் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். ஏற்காட்டுக்கும் மேலே, காபித் தோட்டங்களை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ப்ளஸ் டூவில் 600-க்கு 541. இங்கே எழுதிய ஆறு பேப்பரில் நாலு அரியர். அதில் ஒன்று நான் நடத்திய பேப்பர்.

"ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியுதுங்க மேடம். புள்ள படிக்காம இல்லைங்க. நான் பாத்துட்டுதான இருக்கேன்" என்றார் அப்பா. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் படிச்சேன் மேடம். ஹாலுக்குள்ள போனதும் மறந்துபோச்சு."

ரிசல்ட் வந்து இரண்டே நாளில் இந்த வாக்கியத்தை நான் கேட்பது அது ஏழாவது தடவை. சேலத்தில் பொருளாதாரம் கற்பிக்க வந்து 22 வருடமாகிறது. வருடா வருடம் இதே பேச்சு. இந்த முறை பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். கோபம் எங்காவது எட்டிப் பார்த்தால் மன்னித்துவிடுங்கள்.

மறக்கவில்லை கண்ணு. மறப்பதென்றால் அது முதலில் உள்ளே போயிருக்க வேண்டும்.

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆடிப் பண்டிகையில் மஞ்சத்தண்ணி ஊற்றின மாதிரி எல்லாப் பக்கமும் மஞ்சள். தலைப்பு மஞ்சள், வரையறை மஞ்சள், எடுத்துக்காட்டு மஞ்சள். ஒரு பக்கத்தில் எதுவுமே விடுபடவில்லை என்றால் அங்கே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் பொருள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை, சண்டை போட்ட தடயம் இல்லை. எத்தனை தடவை படித்தாய் என்றேன். "ஆறு, ஏழு தடவை இருக்கும் மேடம்."

"சரி, வீட்டுக்கு மலைப்பாதையில்தானே போய் வருகிறாய்? எத்தனை கொண்டை ஊசி வளைவு?"

"இருபது மேடம்."

"ஏழாவது வளைவுக்கும் எட்டாவது வளைவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?"

பதில் இல்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை, சிரித்துவிட்டார். பிறந்ததிலிருந்து போய்வரும் பாதை! பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தால் ஒவ்வொரு இடமும் வரும்போது "தெரிஞ்ச இடம்தான்" என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் வராது. ஆனால் அந்த பஸ்ஸின் டிரைவரைக் கேளுங்கள். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே கியரைக் குறைக்க வேண்டும், எதிரே லாரி வந்தால் எங்கே ஒதுங்க இடம் இருக்கிறது, எல்லாம் சொல்வார். அவரும் அதே பாதையில்தான் போகிறார்.

ஏழாவது தடவை படிக்கும்போது வரி சரளமாக ஓடுகிறது. அடுத்த வாக்கியம் என்ன என்பது வாய்க்கே வந்துவிடுகிறது. "ஆஹா, தெரிகிறது" என்று மனசு நம்பிவிடுகிறது. தேர்வு ஹாலில் ஜன்னல் கிடையாது. புத்தகம் இல்லாத வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறு கட்டுரைப் பகுதியைப் படித்த பிறகு ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு நினைவிருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள்தான் மேலே: நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறியது. மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இனிமேல்தான். தொடர்ந்த இன்னொரு சோதனையில், தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள். தவறான வழிதான் அதிகத் தைரியத்தைக் கொடுக்கிறது. அப்படியிருக்க எந்தப் பிள்ளை அதை விடும்?

வெள்ளைக்காரர் சொன்னால்தான் நம்புவீர்களா என்று கேட்பவர்களுக்கு நன்னூல் இருக்கிறது. மாணவனின் கடமைகளைச் சொல்லும்போது பவணந்தியார் "கேட்டவை நினைத்தல்" என்கிறார், "வினாதல்" என்கிறார், "வினாயவை விடுத்தல்" என்கிறார். கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். இரண்டு, மூன்று தடவை பாடம் கேட்பதன் பயனையும் அதே நூல் சொல்கிறதுதான். ஏழு தடவை மஞ்சள் பூசச் சொல்லவில்லை.

"அப்படின்னா ப்ளஸ் டூவுல எப்படிங்க மேடம் 541 வந்துச்சு?" என்று அந்த அப்பா கேட்டார். சரியான கேள்வி. என் சக ஆசிரியர்கள் பலரே இதை யோசிப்பதில்லை. பள்ளியில் தினமும் காலையில் ஸ்லிப் டெஸ்ட் வைத்தார்கள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் ஒப்பிக்கச் சொன்னார்கள். அப்புறம் வாராந்திரத் தேர்வு, திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே பாடத்தை வருடம் முழுக்க இடைவெளி விட்டு விட்டு எழுதிப் பார்க்க வைத்தார்கள், பிள்ளை திட்டிக்கொண்டே எழுதியது. மார்க் வந்தது அதனால். பிள்ளையோ, தான் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டது. கல்லூரியில் ஸ்லிப் டெஸ்ட் வைக்க யாரும் இல்லை. இன்டர்னல் என்று இரண்டு மூன்று தேர்வு, அதற்கும் முதல் நாள் ராத்திரி வாட்ஸ்ஆப் குழுவில் வரும் பிடிஎஃப். பள்ளி செய்துகொண்டிருந்த பாதி வேலை நின்றுபோனது, அதை யாரும் இவளிடம் சொல்லவும் இல்லை. பள்ளியின் டெஸ்ட் தொல்லையை நான் புகழ்வேன் என்று 22 வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த புகார், "இங்கிலீஷ் மீடியம் மேடம், அதான்." பாதி உண்மை. ஆனால் இவர்களை விழ வைப்பது பெரிய வார்த்தைகள் இல்லை. 'எலாஸ்டிசிட்டி' என்ற சொல்லை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். விழுவது 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'வேர்ஆஸ்' (அதற்கு மாறாக), 'புரொவைடட்' (என்ற நிபந்தனையில்) போன்ற சின்னச் சொற்களில். தெரிந்த சொல் போலத் தோன்றுவதால் போன் அகராதியில் தேடுவதும் இல்லை. 'அன்லெஸ்' வந்தால் வாக்கியமே திரும்பி நிற்கும், இவர்கள் நேராகப் போய்க்கொண்டிருப்பார்கள். கேள்வித்தாளிலும் அப்படித்தான். 'டிஃபைன்' என்று கேட்டாலும் 'டிஸ்டிங்குவிஷ்' என்று கேட்டாலும் 'டிஸ்கஸ்' என்று கேட்டாலும் ஒரே பதில். வேறுபடுத்திக் காட்டு என்றால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும். இரண்டு வரையறையை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் அது வேறுபாடு ஆகாது.

என் பேப்பரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். தேவை விதி: மற்றவை மாறாதிருக்கும்போது, விலை குறைந்தால் தேவை கூடும், விலை கூடினால் தேவை குறையும். வகுப்பில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். "மற்றவை மாறாதிருக்கும்போது" என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் மேலே போடும் "உ" மாதிரி நினைத்துத் தாண்டிவிடுவார்கள். விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மே மாதம் நம்மூர் மார்க்கெட்டில் மாம்பழம் வந்து குவிகிறது, விலை இறங்குகிறது, ஒரு கிலோ வாங்குபவர் இரண்டு கிலோ வாங்குகிறார். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று வரைந்து காட்டுவது தேவைக் கோடு; இது அந்தக் கோட்டின் மேலேயே நகர்வது. அதே விலையில், "அந்தக் கடையில கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறாங்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால்? விலை மாறவில்லை, ஆனால் வாங்குவது குறைகிறது. இப்போது கோடே இடம் மாறுகிறது. "மற்றவை"யில் ஒன்று மாறிவிட்டது. இந்தக் கேள்விதான் தேர்வில் வந்தது, மாம்பழத்துக்குப் பதில் வேறு ஒரு பொருள். இந்தப் பெண் வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருந்தாள், கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இதற்கு நேர் எதிர். ஜவ்வரிசிக்குக் கிராக்கி வந்தால் மரவள்ளிக் கிழங்குக்கு என்ன ஆகும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கிழங்குக்கும் விலை ஏறும் மேடம், மில்லுக்காரங்க தேடி வருவாங்க" என்றான். ஒரு பொருளுக்கு வரும் கிராக்கி அதன் மூலப்பொருளுக்கும் கிராக்கியைக் கொண்டுவருகிறது, அதற்குப் பெயர்தான் டெரைவ்டு டிமாண்ட் என்றேன். அந்தத் தலைப்பைப் பத்து தடவை படித்திருக்கிறான். தன் வீட்டுக் காட்டில் விளைவதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்று என்று அன்றுவரை தோன்றவே இல்லை. படிக்கும்போது "இது நம்மூரில் எங்கே நடக்கிறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

சரி, என்ன செய்வது? டியூஷன் வேண்டாம். புது நோட்டும் வேண்டாம், இருக்கிற லாங் சைஸ் நோட்டில் இடது பக்கம் மார்ஜின் கோடு இருக்கிறது அல்லவா, இத்தனை வருடம் தேதி போடவும் கேள்வி எண் போடவும் மட்டும் வைத்திருந்தீர்களே, அதைப் பயன்படுத்துங்கள். வலது பக்கம் குறிப்பு. அன்று ராத்திரிக்குள் அந்தக் குறிப்பு எந்தக் கேள்விக்குப் பதில் என்று மார்ஜினில் எழுதுங்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் பரப்பிய முறை இது. மறுநாள் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்துப் பதில் சொல்லுங்கள். திணறும். திணறட்டும். அந்தத் திணறல்தான் படிப்பு. வராததை மட்டும் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி, அடுத்த வாரம் மறுபடி. கடைசி ராத்திரி ஆறு மணி நேரம் உட்காருவதை விட நாலு நாளில் ஒன்றரை மணி நேரமாகப் பிரித்தால் அதிகம் நிற்கும்.

அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உள்தலைப்புகளையும் கடைசியில் இருக்கும் சுருக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் போனை எடுக்காதீர்கள். பத்தி முடியட்டும், அப்போதும் புரியவில்லையென்றால் எடுங்கள். போன் கைக்கு வந்தால் பிறகு எதெது வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கரும்பலகையை போட்டோ எடுத்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. போன் படித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எங்கே படிக்கிறீர்கள்? ஜெராக்ஸ் கடைக்கும் அப்படித்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதா மாதம் வரும் 1000 ரூபாயில் ஒரு பங்கை யாரோ எழுதின நோட்ஸுக்குக் கொட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அப்புறம், தூங்குங்கள். இதை விளக்கக்கூடப் போவதில்லை.

ஆசிரியர்களான எங்கள் மேலும் குற்றம் இருக்கிறது. "அது அல்லது இது" என்று கேள்வித்தாள் அமைவதால் "இந்த யூனிட்டை விட்டுடுங்க" என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். நோட்ஸை வாசிக்கிறோம், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், அதற்கு வகுப்பு என்று பெயர். இந்த செமஸ்டரிலிருந்து என் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போன வகுப்பிலிருந்து இரண்டு கேள்வி, நோட்டை மூடிவிட்டு, மார்க் கிடையாது. முதல் நாள் வகுப்பே முனகியது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தறி ஓட்டிவிட்டும் தோட்ட வேலை முடித்தும் களைத்து வருகிறீர்கள், தெரியும். லைட்டு எரிகிறதா என்று பார்க்காதீர்கள். பிள்ளை பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னம்மா நடத்துனாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. புரியவில்லையென்றால் "எனக்குப் புரியலையே" என்று சொல்லுங்கள், அது இன்னும் நல்லது. பிள்ளை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணிடம் கடைசியாக பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினேன். ஏறவும் இறங்கவும் தினமும் கணிசமான நேரம் போகிறது, ஆனால் வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டுகிறது என்றாள். திறக்காதே என்றேன். அடிவாரத்தில் பஸ் ஏறும்போது அன்றைய மார்ஜின் கேள்விகளில் மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு நோட்டைப் பைக்குள் வைத்துவிடு, ஏற்காடு வருவதற்குள் பதிலை மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்.

நேற்று மதியம் வந்தாள். ஒரு கேள்வி பாதியில் நிற்கிறதாம். எங்கே நின்றது என்று கேட்டேன்.

"பன்னிரண்டாவது வளைவுல மேடம்."