பட்டாளத்தாரின் மனைவிக்குரிய ஓய்வூதியம்: கடை வருமானம் தடையாகாது

மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்திவந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் 62 வயதில் மாரடைப்பால் இறந்தார். இராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர் என்பதால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊரார் அதைப் பட்டாளத்தார் கடை என்றே சொல்வார்கள். மறுமாதம் வங்கிக்குப் போன அவருடைய மனைவியிடம், "கடை ஓடுகிறதே அம்மா, பிறகு குடும்ப ஓய்வூதியம் எதற்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு கேள்வியால் அவர் எட்டு மாதம் அலைந்தார்.

மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியத்துக்கு வருமான வரம்பு கிடையாது. கடையைத் தொடர்ந்து நடத்தினாலும், வாடகை வந்தாலும் அது குறையாது. வருமான வரம்பு பெற்றோர் போன்ற பிற சார்ந்தோருக்கே உரியது. அதை மனைவிமீது சுமத்துவது தவறு. ஆனால் கணவர் ஓய்வூதியம் பெற்றவராக இருந்திருக்க வேண்டும். 15 ஆண்டு நிறையுமுன் ஓய்வூதியமின்றி விலகி வந்த ஜவானின் மனைவிக்குப் பொதுவாக இது கிடைக்காது.

அடுத்த பொறி பெயர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரேஷன் அட்டையில் 'தங்கபாய்', ஆதாரில் 'தங்கம்', ஞானஸ்நானச் சான்றில் 'மேரி தங்கம்' என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்கள் இருப்பது சர்வ சாதாரணம். போதாததற்கு, முன்னெழுத்து ஓரிடத்தில் தந்தையுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் உள்ள பெயரோடு ஆதார் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். நான் பார்த்த அந்த அம்மாவின் பி.பி.ஓ.வில் 'பாய்' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே கூடுதலாக இருந்தன. இதை வங்கியால் திருத்த முடியாது. கணவர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகம்தான் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் உள்ளது. நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், வெலிங்டனுக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் ஆதாரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் எளிது.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்யுங்கள். தாமதித்தால் அதற்கே தனி அலைச்சல். சான்றிதழ் கிடைத்ததும் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷ் இணையத்தளத்திலோ அதன் சேவை மையத்திலோ மரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அதுவரை கணவரின் கணக்கில் விழும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம். அட்டையால் எடுத்துவிடாதீர்கள், பின்னர் மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. கணவருக்கு வரவேண்டிய நிலுவைக்கு நியமனதாரர் (நாமினி) இல்லாதபோதுதான் அது வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, விளவங்கோடு தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடுவில் பெண்களை நடக்கவைப்பதை இனியாவது நிறுத்த வேண்டும். எந்தக் காகிதம் கேட்டாலும், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

குடும்ப ஓய்வூதியத் தொகை கணவரின் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. அகவிலை நிவாரணம் சேர்க்காமல் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது. கணவர் 67 வயதுக்கு முன் இறந்திருந்தால், 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 நிறைந்திருக்கக்கூடிய நாள், இவற்றில் முந்தியது வரை அந்த 30 விழுக்காட்டைவிட உயர்த்தப்பட்ட விகிதம் உண்டு. சிப்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு அது ஏறத்தாழ 5 ஆண்டுகள். முதல் மாதமே 30 விழுக்காடு மட்டும் வந்தால் உடனே முறையிட வேண்டும். 5 ஆண்டு கழித்துக் குறைந்தால் அது பிழையன்று, அதை மீட்டுத் தருகிறேன் என்று வரும் தரகருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மனைவியின் பிறந்த தேதியும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். தேதி இல்லாவிட்டால் அது தானாக வராது.