புயலடித்த மறுவாரமே பணம் வேண்டும்: பவளப்பாறைகளைக் காக்கும் நிதி எப்படி வேலை செய்கிறது?

பெரும்புயல் ஒன்று கடந்து போன பிறகு, உடைந்த பவளங்களைக் காப்பாற்றக் கிடைப்பது சில வாரங்கள்தான். அலை முறித்துப் போட்ட கிளை உடனே செத்துவிடுவதில்லை. அதன் மேல்தோலில் பவளத்தைக் கட்டும் குட்டி உயிர்களான பாலிப்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அந்தத் துண்டை எடுத்து அசையாத ஓரிடத்தில் ஒட்டிவைத்தால் பிடித்துக்கொண்டு மறுபடி வளரும். விட்டுவிட்டால், அடுத்தடுத்து வரும் அலைகள் மணலில் புரட்டிப் புரட்டித் தோலை உரித்துவிடும், அல்லது மணல் மூடி மூச்சை அடைத்துவிடும். போதாக்குறைக்கு, உருளும் துண்டு பக்கத்தில் தப்பிப் பிழைத்த பவளத்தையும் இடித்து உடைக்கும்.

சரி, அந்தச் சில வாரங்களுக்குள் படகு வேண்டும், டீசல் வேண்டும், நீரில் மூழ்குபவர்களுக்குக் காற்று உருளைகள் வேண்டும், அவர்களுக்குக் கூலியும் தர வேண்டும். வழக்கமான நன்கொடை இந்த வேகத்தில் வராது. திட்ட அறிக்கை எழுதி, குழு கூடி, ஒப்புதல் கிடைத்து, பணம் வங்கிக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கடல் பாதுகாப்பு என்றதும் எவ்வளவு பணம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பணம் எப்போது வருகிறது, எத்தனை ஆண்டுகள் நிற்காமல் வருகிறது என்பது அதைவிட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வணிகர்கள் ஏன் இதற்குப் பணம் போட வேண்டும்? கடலடிப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளப்பாறைகளை நம்பிக் கடல்வாழ் உயிரினங்களில் கால்வாசி வாழ்கின்றன என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. விடுதி முதலாளியை யோசிக்கவைப்பது வேறொரு கணக்கு. ஆழ்கடலிலிருந்து வரும் அலை பவளப்பாறையின் உச்சியில் மோதும்போது அங்கேயே உடைகிறது. மேடும் பள்ளமுமான பரப்பில் உராய்ந்து மிச்ச வலுவையும் இழக்கிறது. உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வு, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தணிக்கின்றன என்று காட்டியது. அதில் பெரும்பங்கு உச்சிப் பகுதியின் வேலை. பாறையின் மேல் ஒரு மீட்டர் உயரம் குறைந்தால் உலக அளவில் கடல்வெள்ளத்தால் ஆண்டுதோறும் ஏற்படும் சேதம் இரண்டு மடங்காகும் என்றது 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஒரு மீட்டர் உயரம் கட்ட, மெதுவாக வளரும் பாறைப் பவளங்களுக்கு ஏறக்குறைய நூறாண்டு பிடிக்கும்.

மெக்சிகோவின் கரீபியன் கரையில் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் இந்தக் கணக்கைப் பட்டுத்தான் புரிந்துகொண்டது. 2005-ல் வில்மா புயல் கான்கூன் கடற்கரையின் மணலை வாரிக்கொண்டு போனது. விடுதிகள் நின்றன, அவற்றுக்கு முன்னால் கடற்கரை இல்லை. பிறகு 2018-ல் மாநில அரசு, விடுதி உரிமையாளர்கள், நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு ஆகியோர் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் கடற்கரையை ஒட்டிய பவளப்பாறைக்கும் கடற்கரைக்கும் காப்பீடு எடுக்கப்பட்டது. ஓர் இயற்கை அமைப்புக்கு இப்படிக் காப்பீடு எடுத்தது உலகில் அதுவே முதல் முறை.

அதன் சூட்சுமம் பணம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. வீட்டுக்கோ காருக்கோ எடுக்கும் காப்பீட்டில் சேதம் நடந்ததும் ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும், எவ்வளவு சேதம் என்று வாதாட வேண்டும். கடலுக்கு அடியில் அந்த மதிப்பீடே மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இங்கே சேதத்தை யாரும் அளப்பதில்லை. காற்றின் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். வரைபடத்தில் குறித்துவைத்த எல்லைக்குள் காற்று 100 நாட் வேகத்தை, அதாவது மணிக்கு சுமார் 185 கிலோமீட்டரை எட்டினால் பணம் வந்தாக வேண்டும். வேகம் கூடக் கூடத் தொகையும் கூடும். ஒரு கிளை உடைந்ததா, ஓராயிரம் உடைந்ததா என்ற பேச்சே கிடையாது.

2020 அக்டோபரில் டெல்டா புயல் அந்த எல்லைக்குள் புகுந்தது. ஏறத்தாழ 8 லட்சம் டாலர் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தது. அதைச் செலவழிக்கத் தெரிந்த கைகள் முன்பே தயாராக இருந்தன என்பது இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி. புவேர்ட்டோ மொரேலோஸ் என்ற சிற்றூரில் மீனவர்கள், முக்குளிப்பு வழிகாட்டிகள், பூங்கா ஊழியர்கள் ஆகியோரைத் திரட்டி மீட்புக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது? முதலில் மரக்கட்டை, வலை, குப்பை எல்லாவற்றையும் அகற்றுகிறார்கள். குப்புறக் கவிழ்ந்த பெரிய பவளத்தைக் காற்றுப் பைகள் கட்டித் தூக்கி நிமிர்த்துகிறார்கள். ஒட்டவைக்கும் இடத்தில் பாசி இருந்தால் சிமெண்ட் பிடிக்காது. ஆகவே கம்பித் தூரிகையால் அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். கெட்டியாகக் குழைத்த சிமெண்டைப் பையில் அடைத்துக் கீழே கொண்டுபோய், பிழிந்து வைத்து, அதில் பவளத்துண்டைப் பதித்து, இறுகும்வரை அசையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிறிய துண்டுகள் பவளம் வளர்க்கும் நாற்றங்காலுக்குப் போகின்றன. டெல்டாவுக்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இப்படிக் காப்பாற்றப்பட்டன. இந்தக் கைகள் இல்லாமல் 8 லட்சம் டாலர் மட்டும் வந்திருந்தால் வங்கியில்தான் கிடந்திருக்கும். குழுக்களை உருவாக்கியது நன்கொடைப் பணம், அவர்களைக் கடலில் இறக்கியது காப்பீட்டுப் பணம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வேலை நடந்திருக்காது.

முறையில் குறையும் உண்டு. காற்று 95 நாட் வேகத்தில் அடித்துப் பாறை நொறுங்கினாலும் பைசா வராது. மெதுவாக நகரும் பலவீனமான புயல் நாள்முழுக்க அலையால் அடித்துச் சேதம் செய்யலாம். காற்றின் வேகம் மட்டும் அதைச் சொல்லாது. காற்று வேகத்தின் எல்லையைத் தாழ்த்திவைத்தால் பிரீமியம் ஏறும். எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு கடற்கரையிலும் புதிதாகப் போட வேண்டிய கணக்கு.

புயல் எப்போதோ வருகிறது. ரோந்துப் படகுக்கு டீசல் தினமும் வேண்டும். காவலர் சம்பளம், மிதவைகளின் பராமரிப்பு, மீன்களைக் கணக்கெடுப்பது போன்றவற்றைப் படம் பிடித்து விளம்பரம் செய்ய முடியாது. அதனால் இவற்றுக்குக் கொடுக்க ஆளும் கிடைப்பதில்லை. பெரும்பாலான நன்கொடைத் திட்டங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அப்புறம் காவலர் வீட்டுக்குப் போவார், வலைகள் திரும்பி வரும். கரீபியன் தீவான பொனேர் இதற்கு எளிய வழி கண்டது. 1979-ல் தொடங்கிய தன் கடல் பூங்காவுக்கு, 1992 முதல் முக்குளிக்க வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. சான்சிபாரை ஒட்டிய சும்பே தீவின் பவளப் பூங்கா, சிறிய விடுதி ஒன்றின் வருமானத்தில் நடக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடுகள்தான். ஆனால் 2020-ல் பெருந்தொற்று வந்து பயணிகள் நின்றபோது, சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்த பூங்காக்கள் ஒரே நாளில் வருமானம் இழந்தன. ஒரே ஊற்றை நம்பக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நின்று பலன் தரும் பணத்துக்கு இன்னொரு வழி, நாட்டின் கடனையே மாற்றி எழுதுவது. 2021-ல் மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் செய்தது இதுதான். அந்நாடு 55.3 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை அடைக்கத் திணறிக்கொண்டிருந்தது. பணம் திரும்பி வருமா என்ற பயத்தில் இருந்த முதலீட்டாளர்கள் டாலருக்கு 55 சென்ட் கிடைத்தால் போதும் என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காக 36.4 கோடி டாலர் புதுக்கடன் ஏற்பாடானது. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் அந்தக் கடனுக்குக் காப்பீடு தந்ததால் வட்டி குறைந்தது. இப்படி மிச்சமானதில் ஒரு பங்கைக் கடலுக்கு ஒதுக்குவதாகவும், தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாகவும் பெலீஸ் ஒப்பந்தம் போட்டது. 20 ஆண்டுகளில் சுமார் 18 கோடி டாலர் பாதுகாப்புக்குப் போகும். அரசு மாறினாலும் ஒப்பந்தம் மாறாது. இதன் பலமே அதுதான். இடைத்தரகர்களுக்கும் சட்ட ஆலோசகர்களுக்கும் போகும் தொகை பெரியது என்ற விமர்சனமும் நியாயமானது. ஒவ்வொரு கட்டணத்தையும் பொதுவில் வைத்தால்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும்.

நன்கொடையாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, நட்டம் வந்தால் முதலில் தாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்வருவது. பவளப்பாறைக்குக் கழிவுநீர் போகாமல் தடுக்கும் சுத்திகரிப்பு நிலையத்தையோ முறையான மீன்வளத் தொழிலையோ நடத்தி லாபம் பார்க்கலாம் என்றாலும், வங்கிகள் தயங்கும். அப்படிப்பட்ட நூறு ரூபாய் முதலீட்டில், முதல் இருபது ரூபாய் நட்டம் என்னுடையது என்று ஓர் அறக்கட்டளை சொன்னால், மிச்ச எண்பதைத் தனியார் துணிந்து போடுவார்கள். 2020-ல் ஐ.நா. அமைப்புகளும், பால் ஆலன் குடும்ப அறக்கட்டளை, மொனாக்கோவின் இரண்டாம் ஆல்பர்ட் இளவரசர் அறக்கட்டளை போன்றவையும் சேர்ந்து தொடங்கிய பவளப்பாறைகளுக்கான உலக நிதியம், நன்கொடையையும் முதலீட்டையும் இப்படிக் கலக்கத்தான் உருவானது.

சில நிறுவனங்கள் நேரடியாகக் கடலிலேயே இறங்குகின்றன. சாக்லேட்டுக்கும் செல்லப்பிராணி உணவுக்கும் பெயர்பெற்ற மார்ஸ் நிறுவனம், இந்தோனேசியாவின் சுலவேசி கரையில் வெடி மீன்பிடிப்பால் பாழான இடங்களைச் சீர்செய்கிறது. அங்கே கடலடி முழுக்கத் தளர்ந்த சல்லி. அது உருண்டுகொண்டே இருப்பதால் புதிய பவளம் ஊன்ற முடியாது. மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சல்லியின் மேல் விரித்து, அதில் துண்டுகளைக் கட்டுகிறார்கள். நான்கே ஆண்டுகளில் இந்த இடங்களின் வளர்ச்சி பக்கத்து ஆரோக்கியமான பாறைகளை எட்டிவிட்டதாக 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது. நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைக்கிறது, உண்மைதான். அளவீட்டை ஆய்வாளர்கள் செய்து வெளியிட்டால் எனக்கு அதில் மறுப்பில்லை.

வெப்பம்தான் இவை எல்லாவற்றையும் சோதிக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தாலே பவளம் தனக்குச் சோறு போடும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் சோம்ப்ரெரோ பாறையில், பல ஆண்டுகள் நட்டு வளர்த்த பவளங்கள் முழுவதும் செத்துக் கிடந்ததைச் சீரமைப்புக் குழு கண்டது. அதே கோடையில் வேறு சில நாற்றங்கால்களிலிருந்து அவசரமாக அள்ளி எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோன துண்டுகள் பிழைத்தன. அங்கே தேவைப்பட்டது லாரி, தொட்டி, மின்சாரம், ஆட்கள். எல்லாம் சில நாட்களுக்குள்.

ஆகவே வெப்பத்துக்கும் காப்பீடு எழுத முடியுமா என்பதுதான் இப்போது முன்னால் நிற்கும் கேள்வி. புயலைப் போல நடந்து முடிந்த பிறகு பணம் கொடுத்தால் இங்கே பயனில்லை, வெளுத்துச் செத்த பவளத்தைச் சிமெண்ட் ஒட்டாது. ஆனால் வெப்பத்தில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்கக் கடல் வளிமண்டல அமைப்பான நோவா, செயற்கைக்கோள் அளவீடுகளையும் கணினி மாதிரிகளையும் வைத்து வெளுப்பு அபாயத்தை நான்கு மாதங்கள் வரை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. அந்தக் கணிப்பு ஓர் எல்லையைத் தாண்டியதுமே தொகை வந்துவிட்டால் தொட்டிகளைத் தயார் செய்யலாம், தாய்ப் பவளங்களை இடம் மாற்றலாம், பவளத்தை மூடிவிடும் பாசியை மேயும் மீன்களைப் பிடிக்காமல் விடும் மீனவர்களுக்கு அந்தக் கோடைக்கான வருமானத்தைக் கொடுக்கலாம். கணிப்பு தவறினால் யார் தலையில் விழும் என்ற ஒரு வரிதான் அந்த ஒப்பந்தத்தில் எழுதக் கடினமானது. நட்டத்தை முதலில் தாங்க முன்வரும் நன்கொடையாளருக்கு அந்த வரியில்தான் இடம் இருக்கிறது.