பக்கத்து வளவில் கட்டடம் எழுகிறதா? அறிவித்தல் வரும் என்று காத்திராதீர்கள்

திருகோணமலை பாலையூற்றில் ஒரு அம்மா ஒரு தாளின் பிரதியைக் காட்டினார். கீழே ஏழு கையொப்பங்கள், மூன்றாவது அவருடையது. "தண்ணீர்க் குழாய்க்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள், தம்பி" என்றார். அவர் கையொப்பமிட்டபோது வெறுமையாக இருந்த இடத்தில், பக்கத்து வளவில் இரும்பு ஒட்டும் வேலைத்தளம் நடத்த ஆட்சேபனை இல்லை என்று வேறு மையில் எழுதியிருந்தது.

அயலில் எது வந்தாலும் நம் உள்ளூராட்சி சபை நமக்கு அறிவிக்கும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அபிவிருத்திப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டக் கூடாது என்கிறது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். ஆனால் சாதாரண வீட்டுக்கோ கடைக்கோ அனுமதி கொடுக்கும் முன் உங்கள் வாசலுக்குக் கடிதம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் பெரிய திட்டங்களுக்குத்தான் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போடுகிறார்கள். எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாட்கள். பத்திரிகை பார்க்காதவருக்கு அந்த 30 நாட்களும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் என்ன நடக்கும்? சபையில் "நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் போங்கள்" என்பார்கள். அங்கே போனால் "அனுமதி கொடுத்தது சபைதானே" என்பார்கள். நிலாவெளிக் கரையோரமென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள். இந்த அலைச்சலில் ஒரு மாதம் போனால் அங்கே கொங்கிறீற் தட்டுப் போட்டு முடிந்துவிடும்.

வாயால் கேட்பதை முதல் நாளோடு நிறுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். "உங்களுக்கு ஏன் இது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை, காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். தகவல் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரைபடத்தைக் கேட்டால் மூன்றாம் தரப்பின் தகவல் என்று கைவிரிக்கக்கூடும். ஆகவே அனுமதி இலக்கம், திகதி, எத்தனை மாடி, என்ன பயன்பாடு, என்ன நிபந்தனை என்று கேளுங்கள்.

முறைப்பாட்டில் "என் எல்லைக்குள் வந்துவிட்டார்" என்று மட்டும் எழுதினால், காணிப் பிணக்கு, நீதிமன்றம் போங்கள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். இப்படிப் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். அனுமதி இல்லை, அல்லது அனுமதிக்கு மாறாக நடக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்படிப்பட்ட வேலையை நிறுத்தச் சொல்லவும், கேட்காவிட்டால் நீதவானிடம் இடிக்கும் கட்டளை பெறவும் அதே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் தானாக எழுந்து வராது. எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கி, வாரா வாரம் போய் நிற்க வேண்டும்.

உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் வளவுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. வளவைப் பார்த்துக்கொள்பவரிடமோ வாடகைக்கு இருப்பவரிடமோ கையொப்பம் வாங்கி, அயலவர் சம்மதம் என்று கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். உரிமையாளர் யார் என்பதை காணி உறுதியின் பிரதியுடன் சபைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சம்மதத் தாளோடு யாராவது வந்தால் வெற்றிடத்தைக் கோடு போட்டு அடைத்து, கையொப்பத்தின் பக்கத்தில் திகதி எழுதி, கைபேசியில் படம் எடுத்த பிறகே தாளைத் திருப்பிக் கொடுங்கள். அயலில் அத்திவாரம் வெட்டத் தொடங்கும் அன்றும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.