என்ஜின் சூடானால் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்

வேலூர் வெயிலில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கேள்வி நியாயம்தான். பல வண்டிகளில் அந்தத் திருகை யாரும் சிவப்புப் பக்கம் திருப்பியதே இருக்காது. ஆனால் "ஹீட் ஆகுதுண்ணா" என்று ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால், நான் முதலில் கை வைப்பது அதில்தான்.

என்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் அதே கூலன்ட் திரவம்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள்ளும் போய் வருகிறது. ஹீட்டர் என்றால் அவ்வளவுதான். பல கார்களில் அது கொஞ்சம் உயரத்தில் இருக்கும். உள்ளே சிக்கிய காற்று உயரமான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். போர் மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது இல்லையா, இங்கேயும் அதே கதைதான்.

ஏலகிரி போய் வந்த ஒரு குடும்பத்தின் வண்டியைச் சொல்கிறேன். கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் வேறு இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றியிருந்தார்கள். பொன்னேரி வரை ஒரு தொந்தரவும் இல்லை. 14 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், சட்டென்று கீழே இறங்கிவிட்டது. "முள் இறங்கிடுச்சே, சரியாயிடுச்சுன்னு ஓட்டிட்டோம்ணா" என்றார் ஓட்டியவர்.

ஆபத்து அங்கேதான். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கும். காரணமில்லாமல் ஏறி இறங்கும் முள்ளை நம்பக் கூடாது.

அந்த வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தோம். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததுமே டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக்கென்று தண்ணீர் உருளும் சத்தம். என்ஜின் சூடேறியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். ஐடிலிங்கில் சூடே இல்லாத காற்று வந்தது. ரேஸ் கொடுத்தால் சூடாக வந்தது, விட்டால் மறுபடி குளிர்ந்தது. இந்த ஏற்ற இறக்கம் இருந்தால், ஒன்று கூலன்ட் குறைவு, இல்லையென்றால் உள்ளே காற்று. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதன் அடியில் காற்று நின்றால் சூடு போய்ச் சேராமல் திறக்கத் தாமதமாகும்.

காற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புனல் வழியாகக் கூலன்ட் ஊற்றி ஓடவிடுவோம். காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூ இருக்கும் வண்டி என்றால் அதன் வழியாகக் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை விடுவோம். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்று மறுபடி ஓடும் வரை புனலை விட்டு நகரக் கூடாது. அப்புறம் முழுக்க ஆறவிட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

புனலில் வரும் குமிழியைக் கவனியுங்கள். முதலில் பெரிது பெரிதாக வந்து, குறைந்து, நின்றுவிட்டால் அது சிக்கியிருந்த காற்று. நிற்காமல் பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தால் என்ஜினின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்பட வேண்டியதுதான். அதற்கு ஒரு நீல மருந்து இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் வாயுவை அதன் வழியாக இழுத்தால், எரிந்த புகை கலந்திருக்கும்போது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கூலன்ட்டை இறக்கிப் பம்ப் மாற்றிய வண்டியில் காற்று எப்படி வந்தது என்று கேட்கத் தேவையில்லை. யாரும் கை வைக்காத வண்டியில் வந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். ஹோஸ் கிளாம்ப்பில் மயிரிழைக் கசிவு இருந்தால் சூட்டில் வெளியேறுவது நம் வெயிலில் உடனே காய்ந்துவிடும், தரையில் சொட்டுகூட இருக்காது. என்ஜின் ஆறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகும். இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பரையும் பாருங்கள். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி போட்டால் 120 வரை கொதிக்காது. ரப்பர் போனால் அந்த 20 டிகிரியும் போச்சு.

போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இன்னும் விடவில்லை. வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனால் வேறென்ன செய்யும்?

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். அனல் அடித்தால் கூலன்ட் ஓடுகிறது, ஓரமாக நிறுத்த இடம் தேடும் அளவுக்கு நேரம் இருக்கிறது. முள் சிவப்பில் இருந்தும் சூடில்லாத காற்றே வந்தால் அடுத்த வளைவு வரைகூடப் போகாமல் அங்கேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். மேல் ஹோஸ் கைக்குச் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.