பச்சைப் பூஞ்சையைப் பையில் போட்டு விற்கலாமா?

சுங்கை சிப்புட் பழைய தோட்டத்து அண்ணன் ஒருவர், பயிர் நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சையை வளர்ப்பவர், போன வாரம் கேட்டார்: "தம்பி, சோற்றில் வளர்த்த டிரைக்கோடெர்மாவைக் கிலோ பத்து வெள்ளிக்கு விற்கப் போறேன், லைசன்ஸ் வேணுமா?" வேண்டும் அண்ணே. அதுவும் ஒன்றோடு முடியாது.

நம் மலேசியாவில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது, மலாயில் அக்தா ராச்சுன் மக்லுக் பெரோசாக், எண் 149. இந்தச் சட்டத்தில் 'பெரோசாக்' என்றால் பூச்சி மட்டுமில்லை, செடியைத் தாக்கும் பூஞ்சையும் அதில் அடக்கம். அதனால் செம்பனை அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையைத் தடுக்கும் என்று சொல்லி நீங்கள் ஒரு பொருளை விற்றால், அது ரசாயனமே இல்லாத உயிருள்ள பூஞ்சையாக இருந்தாலும் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எந்த இனம், எப்படித் தயாரிக்கிறீர்கள், வயலில் வேலை செய்ததா, மனிதருக்கும் மீனுக்கும் கெடுதல் உண்டா என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். பதிவு ஐந்து வருடம் செல்லும். விற்கவும் விற்பதற்காகச் சேமிக்கவும் 1988 விதிப்படி தனி லைசன்ஸ், விளம்பரத்துக்கு 1996 விதி. வீட்டுச் சமையலறையில் செய்பவருக்கு இது பெரிய சுமைதான், மறுக்கவில்லை.

'உரம்' என்று ஒட்டிவிட்டால் தப்பிக்கலாமே என்பார்கள். பையில் உரம், வாயில் மருந்து என்றால் அது ஏமாற்றுதான், அந்த வழியை நான் சொல்லித் தரமாட்டேன்.

சரி, விதி ஏன் இவ்வளவு கறார்? டிரைக்கோடெர்மா மற்ற பூஞ்சைகளின் இழையைச் சுற்றிக்கொண்டு அவற்றின் சுவரைக் கரைக்கும், உணவையும் இடத்தையும் முந்திப் பிடிக்கும். ஆனால் அரிசியைச் சரியாக வேகவைத்துக் கிருமி நீக்காவிட்டால் வளர்வது வேறு எதுவாகவும் இருக்கலாம், அதிலும் பச்சையாக இருப்பதெல்லாம் டிரைக்கோடெர்மா இல்லை, அஸ்பெர்ஜில்லஸ் கூடப் பச்சைதான், அது சுவாசத்துக்கு ஆகாது. நல்லதாகவே வளர்ந்தாலும் வெயிலில் வைத்த பையில் உயிர் மிஞ்சாது, கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்த தொட்டியில் கலந்தால் செத்துவிடும். தண்டில் ஏற்கெனவே கானோடெர்மாவின் தட்டுக்காளான் முளைத்த மரத்தை இது மீட்காது. கன்று நடும் குழியில் போடுவதுதான் அதற்கான நேரம்.

வாங்குகிறவர்கள் லேபிளில் எல்.ஆர்.எம்.பி. (பூச்சிக்கொல்லி வாரியத்தின் மலாய்ச் சுருக்கம்) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு எண் இல்லாமல் 'நோய் தீரும்' என்றால் நகர்ந்துவிடுங்கள், வாட்சாப்பில் எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் சரி.

40.46 ஹெக்டருக்குக் குறைவாகச் செம்பனை வைத்திருப்பவர் சிறுதோட்டக்காரர். அவர்களுக்கு ஆலோசனை சொல்ல மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமான எம்.பி.ஓ.பி.யின் துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். காண்டாமிருக வண்டுக்கு மெட்டாரைசியம் பூஞ்சையிலிருந்து மருந்து தயாரித்த அமைப்பு அது, எனவே பூஞ்சை என்றதும் அவர்கள் முழிக்கப் போவதில்லை. மற்ற பயிருக்கு விவசாய இலாகா.

அண்ணன் இப்போதைக்குப் பை அச்சடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்.