மாறன் மண்டலம்: சொல் விளக்கம்

தரையை ஒட்டிய காற்று அடுக்குக்குத் திரொப்போஸ்பியர் என்ற சொல்லை ஆக்கியவர் டெசெரன்க் டி போர் என்ற பிரெஞ்சு வானிலையாளர். பாரிஸுக்கு அருகே திராப் என்னும் ஊரிலிருந்து கருவி கட்டிய ஆளில்லாப் பலூன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார். சுமார் 11 கிலோமீற்றர் வரை குளிர் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் வெப்பநிலை இறங்கவில்லை. 1902இல் இதை அறிவித்தார். பெயர் வந்தது 1908இல்.

கிரேக்கத்தில் 'த்ரொபோஸ்' என்றால் திரும்புதல். தரையில் சூடான காற்று எழும், மேலே குளிர்ந்தது இறங்கும். இப்படிப் புரண்டுகொண்டே இருக்கும் கோளம் இது. மேலே உள்ளது புரளாமல் படை படையாகக் கிடப்பதால் படை மண்டலம்.

தமிழக வழக்கில் திரொப்போஸ்பியர் கீழடுக்கு. அடிவளிமண்டலம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் இடத்தை மட்டும் சொல்கின்றன. இலங்கையில் நாம் படித்தது மாறன் மண்டலம். பாண்டியன் ஆண்ட நாடோ என்று பிள்ளைகள் கேட்டால் குற்றமில்லை! ஆனாலும் 'மாறு' என்ற வேர் கிரேக்கச் சொல்லின் உயிரைப் பிடித்திருக்கிறது. என் ஓட்டு இதற்கே.

உயர உயர வெப்பநிலை மாறுவதற்கும் கணக்கு உண்டு: 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகை அளவு. ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 15 இருக்கவேண்டும். இருப்பது 16 அளவில். அதன் அருகே நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்குகிறவர் சுவெட்டரைத் தேடுவது இதனால்தான்.

கணக்குப் பிசகும் இரவுகளும் உண்டு. தை, மாசியில் முகிலும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்கும். குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு மலைத் தேயிலை தப்ப, பள்ளத்துக் கொழுந்து உறைபனியில் கருகிவிடும். மேலே போகப் போகச் சூடு கூடும் இந்த நிலைக்கு வெப்பநிலை நேர்மாறல் என்று பெயர்.

இப்போது பலூனில் ரேடியோசொண்ட் என்ற கருவி போகிறது. வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் மூன்றையும் வானொலி அலையில் கீழே அனுப்பும். அவற்றைக் கொண்டு வானிலைக் கணினி நிரல் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகக் கணிக்கிறது. கட்டம் 25 கிலோமீற்றர் அகலமானால், அதற்குள் விழும், இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் 2,524 மீற்றரும் கீழுள்ள பள்ளத்தாக்கும் ஒரே சராசரி உயரமாகிவிடும். உறைபனி அந்தச் சராசரியில் தெரியாது. ஆளுயரத்துக் கருவி 3 பாகை காட்டும்போதே புல்நுனி உறைந்திருக்கலாம். ஆகவே பள்ளத்துத் தேயிலைத் தோட்டங்களில் தரையோரமாகவும் ஒரு வெப்பமானி வேண்டும்.