நாற்பது வயது என்பது கட்டி இல்லாதவர்களுக்குச் சொன்னது

"நாற்பது வயசுக்கு மேலதானே மார்பகப் புற்றுநோய் டெஸ்ட் எடுக்கணும்னு இருந்துட்டேன் டாக்டர்."

இந்த மாதம் இப்படிச் சொன்ன மூன்றாவது பெண் அவர். வயது 31, கைக்குழந்தைக்காரி. இடது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டு ஏழு மாதமாகிறது. பால் கட்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்ல, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஸ்கேன் கருவியை வைத்தேன். கட்டியின் ஓரம் ஒழுங்கில்லாமல் பிசிறடித்துத் தெரிந்தது. அக்குளுக்கு நகர்த்தினால் அங்கேயும் நெறி கட்டியிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தயவுசெய்து இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நாற்பது வயது என்பது, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கத் தொடங்கும் வயது. ஒரு குறையும் தெரியாதபோதே தேடிப் பார்ப்பதுதான் ஸ்கிரீனிங். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024-இல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது. பிரிட்டனில் 50-இல்தான் தொடங்குகிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் கட்டி இல்லாதவர்களுக்கு. கட்டியைக் கையால் தொட்டுவிட்ட பிறகு அது ஸ்கிரீனிங் இல்லை, நோய் என்ன என்று கண்டறியும் பரிசோதனை. அதற்கு வயது வரம்பே கிடையாது. 19 வயதானாலும் கட்டி இருந்தால் காட்ட வேண்டும். "உனக்கு இன்னும் வயசாகலையே" என்று யார் சொன்னாலும், அது மருத்துவராகவே இருந்தாலும், ஸ்கேன் எடுக்காமல் திரும்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, 22 வயதில் பயந்துபோய் மேமோகிராம் எடுக்கச் சொல்லி வருபவர்களும் உண்டு. வேண்டாம் அம்மா. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் வெள்ளையாக விழும். புற்றுநோயும் வெள்ளையாகத்தான் விழும். அதனால்தான் முப்பதுக்குக் கீழே நாங்கள் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கிறோம். அந்த வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதுவான கட்டிகள்தான். ஆனால் எது சாது என்று கையால் தடவிப் பார்த்து முடிவு கட்ட முடியாது. என்னாலும் முடியாது.

ஸ்கிரீனிங்கை முன்கூட்டியே தொடங்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 42 என்றால் மகள் 32-இல் தொடங்குவது வழக்கம். இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 முதல் மேமோகிராமும் சேரும். சிறு வயதில் வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டு ஆனதும், ஆனால் 25 வயதுக்கு முன்பாக இல்லாமல், தொடங்க வேண்டும். குடும்ப வரலாறு கேட்டால் எல்லோரும் அம்மா பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். அப்பாவின் அம்மா, அப்பாவின் சகோதரிகள்? அந்த பிஆர்சிஏ மாற்றம் அப்பா வழியாகவும் அதே அளவு வாய்ப்போடு வரும். அவர்களையும் விசாரித்துவிட்டு வாருங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அப்புறம் வலி. வலிக்கிறது என்று ஓடி வருகிறார்கள், வலிக்காத கட்டியை ஒளித்து வைக்கிறார்கள். மாதவிடாய்க்கு முன் இரண்டு மார்பும் கனத்து வலிப்பது பெரும்பாலும் ஹார்மோன் வேலை. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

இருபது வயதுக்கு மேல் உங்கள் மார்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது விரல் நுனியால் இல்லாமல் விரல்களின் உட்புறத்தால் தடவிப் பாருங்கள். அக்குளை விட்டுவிடாதீர்கள். புதிய கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, ஆறாத புண், சிவப்பு: இதில் எதைப் பார்த்தாலும் வாருங்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று, கட்டியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குப் பயப்படாதீர்கள், அப்படி இல்லை.

பால் கொடுக்கும் தாய்மார்களே, இது உங்களுக்கு. பால் கட்டு கரையும். இரண்டு வாரமாகியும் கரையவில்லை என்றால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். ஸ்கேனும் மேமோகிராமும் பாலைக் கெடுக்காது, தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உடனே வந்தால் மார்பு இளகியிருக்கும், எங்களுக்கும் தெளிவாகத் தெரியும். குழந்தையையும் தூக்கிக்கொண்டே வாருங்கள், பரவாயில்லை.